கண்டியில் தூசுக்கு இரண்டு பருவம்

காலையில் ஒரு முறை, மாலையில் விளக்கு வைக்குமுன் ஒரு முறை என நாளுக்கு இரு தடவை வீடு பெருக்குவது நம்மவர்களிடம் ஊறிப்போன பழக்கம். அப்படியிருந்தும் தை, மாசி மாதங்களில் பேராதனை வீதியையோ கட்டுகஸ்தோட்டை வீதியையோ ஒட்டிய வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் விரலால் பெயர் எழுதலாம். பெருக்கியது போதவில்லை என்ற எண்ணம்தான் உடனே வரும். மூன்றாவது தடவையும் விளக்குமாறு கைக்கு வரும். ஆனால் கூடுதலாகப் பெருக்குவது கண்டியின் தூசுக்கு மருந்தாகாது. இங்கே தூசு ஒரே வகையானதும் அல்ல. மழை ஓய்ந்த மாதங்களில் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்கிறது. மழை மாதங்களில் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே ஆயுதத்தைத் தூக்குவதால்தான் இந்த வேலைக்கு முடிவே இல்லாமல் போகிறது.

முதலில் வெளியிலிருந்து வருவதைப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை, உடவத்தகெலே, பஹிரவகந்த என்று சுற்றிலும் மேடுகள் எழுந்து நிற்க, நடுவே பள்ளத்தில் கிடக்கிறது நகரம். வானம் தெளிந்த தை மாத இரவுகளில் தரை சீக்கிரமே குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறி அந்த மூடி கலையும்வரை கீழே எழும் புகையும் தூசும் மேலே போக வழியில்லை. கண்டியிலோ நாளின் மிக மோசமான வாகன நெரிசல் அந்த நேரத்தில்தான். பாடசாலைகள் ஏழரை மணிக்குத் தொடங்குகின்றன. பாடசாலை வேன்கள், ஓட்டோக்கள், வெளியூர் பஸ்கள் எல்லாம் அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் ஒடுங்கிய சில வீதிகளுக்குள் நெருக்கியடிக்கின்றன. கண்டியின் காற்று மாசைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறார். அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நகரிலும் புறநகரிலும் கிராமங்களிலும் காற்றில் மிதக்கும் துகள்களில் ஒட்டியிருந்த நச்சு ஐதரோகாபன்களை அளந்தது. நகரில் வாகனங்களும் கிராமங்களில் விறகடுப்பும் அவற்றுக்கு முக்கிய காரணங்களாக இருந்தன. ஆகவே மேசைமேல் படியும் அந்தக் கறுப்புப் பொடி வெறும் மண் அல்ல. டீசல் கரியும் டயர் தேய்மானமும் கலந்தது.

மண்ணின் பங்கும் சிறிதல்ல. கண்டியைச் சுற்றியுள்ள செங்கபில மண் காய்ந்துவிட்டால் மாவாக உதிரும். திகனப் பக்கம் டொலமைட் அகழ்வும், ஆங்காங்கே கருங்கல் உடைப்பும், மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும் வேலையும் அதனோடு சேர்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் நுண்துகள்கள் வந்து இறங்குவதுண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் காற்றின் தரம் மோசமடைந்து, 9 ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். எந்த அளவு காற்று ஏற்கத்தக்கது என்பதிலும் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த துகள்களுக்கு இலங்கை 2008 இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீற்றர் காற்றில் 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்ததோ 5. சட்டப்படி சுத்தமான காற்று, சுவாசப்பைக்கும் சுத்தமான காற்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

வீட்டுத் தூசில் பெரும்பகுதி நம் உடலிலிருந்து உதிரும் தோல்தான் என்று ஒரு கதை பத்திரிகைகளில் அடிக்கடி தலைகாட்டும். ஆனால் உதிரும் தோலில் ஒரு பங்கு குளிக்கும்போது தண்ணீரோடு போய்விடுகிறது. இன்னொரு பங்கு படுக்கையில் தங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான லேய்ட்டனும் பீமரும் 2009 இல் செய்த கணக்கு, வீட்டுக்குள் இருக்கும் தூசில் 60 வீதத்துக்கும் மேற்பட்டது வெளிமண்ணாகவும் வெளிக்காற்றாகவும் உள்ளே வந்தது என்று காட்டியது. அது கதவையும் ஜன்னலையும் இறுக அடைத்துவைக்கும் குளிர்நாட்டு வீடுகளுக்கான கணக்கு. ஜன்னலுக்கு மேல் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துளைகளும், ஓடுகளுக்கிடையே வெளிச்சம் தெரியும் கூரையும் உள்ள நம் வீடுகளில் வரண்ட மாதங்களின் வெளிப்பங்கு அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

இனி விளக்குமாற்றுக்கு வருவோம். அசையாத காற்றில் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் 100 மைக்ரோன் துகள், கண்ணுக்குத் தெரியும் மணல்பொடி, நாலைந்து வினாடியில் தரையைத் தொட்டுவிடும். 10 மைக்ரோன் துகளுக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். 2.5 மைக்ரோன் துகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஒரு மைக்ரோன் துகளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஆள் நடமாட்டமும் காற்றோட்டமும் உள்ள வீட்டில் அதற்கு இறங்கவே நேரம் கிடையாது. தும்புத்தடியால் வேகமாகப் பெருக்கும்போது மணல் முறத்துக்குப் போகிறது. பொடி மேலெழுந்து மேசைக்கும் படுக்கைக்கும் பெருக்குபவரின் மூக்குக்கும் போகிறது. மத்தியானம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் காண்பதில் ஒரு பங்கு காலையில் நாமே கிளப்பிவிட்டது. கோழி இறகுத் துடைப்பானும் இதையே செய்கிறது, இன்னும் கொஞ்சம் நளினமாக. ஈரத் துணியில் பொடி ஒட்டிக்கொள்கிறது, எழும்புவதில்லை. அதனால் வரண்ட மாதங்களில் வேலையின் வரிசையை மாற்றவேண்டும்: முதலில் ஒட்டறையும் அலுமாரித் தலைகளும், பிறகு நன்றாகப் பிழிந்த பழைய சாரத் துண்டால் மேசை, நாற்காலி, ஜன்னல் கட்டை, கால் மணி நேரமாவது கழிந்தபின் கடைசியாகத் தரை. தரையைப் பெருக்கித்தான் ஆகவேண்டுமென்றால் தடியைத் தரையோடு ஒட்டி மெதுவாக இழுத்துவிட்டு, ஈரத் துணி போடலாம். பழைய சிவப்புச் சிமெந்துத் தரை வைத்திருப்பவர்கள் இதில் பாக்கியசாலிகள். மெழுகுப் பொலிஷ் போட்டு வழுவழுப்பாக்கிய தரையில் பொடி ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒரே இழுப்பில் துணிக்கு வந்துவிடும். அந்தத் தரையை உடைத்துவிட்டு இடுக்குகள் நிறைந்த ஓடு பதிப்பதும், அதன்மேல் காபெட் விரிப்பதும் நாகரிகம் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

தூசுறிஞ்சி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் நுண்வடிகட்டி இல்லாத மலிவு இயந்திரம் பெரிய துகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு சிறியதைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதிவிடும். அந்தக் காசுக்கு வாளியும் துணியும் நல்ல கால்மிதிகளும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

கால்மிதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. காலணியை வெளியே கழற்றும் பழக்கம் நமக்கு இருப்பதால் இந்தப் பாடம் வேண்டாம் என்று தோன்றும். காலணியைக் கழற்றிவிட்டு நல்ல மிதியும் போட்ட வீடுகளில் காபெட்டில் சேரும் ஈயத் தூசு பெருமளவு குறைவதை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜோன் ரொபர்ட்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் அளந்து காட்டினார். ஆக நம் பழக்கம் விஞ்ஞானத்துக்கு முந்தியே சரியாக இருந்தது. பிழை அதற்குப் பிறகு நடக்கிறது. கழற்றிய சப்பாத்து களவுபோகாமலிருக்க ஹோலுக்குள்ளேயே தட்டில் ஏறுகிறது; கால் கழுவும் வழக்கமோ குழாய் வீட்டுக்குள் வந்ததோடு முற்றத்தை விட்டுப் போய்விட்டது; வாசலில் கிடக்கும் தும்பு மிதியை மாதக்கணக்கில் யாரும் உதறுவதில்லை. நிறைந்துபோன மிதி வருகிற காலுக்கெல்லாம் தூசு கொடுத்தனுப்பும். வெளியே ஒரு தும்பு மிதி, உள்ளே ஒரு துணி மிதி, இரண்டையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வீட்டைவிட்டுத் தள்ளிப்போய்த் தட்டுவது: செலவில்லாத முதல் காரியம் இது. ஈயம் என்று சொன்னதற்கும் காரணமுண்டு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றது. ஆனால் ஈயம் மக்கிப்போகிற பொருள் அல்ல. அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் வீதியோர மண்ணில் இறங்கியது அங்கேதான் கிடக்கும். தவழ்ந்த கையை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

வாசலைத் தாண்டினால் முற்றம். இலங்கையின் எல்லாச் சமூகத்தாரிடமும், புல் பூண்டு இல்லாமல் ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு கோடாகப் பெருக்கிய வெறும் மண் முற்றம் நல்ல குடும்பத்துக்கு அடையாளம். தூசின் பார்வையில் அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. தினமும் கீறிவிட்ட மண் வரண்ட மாதத்தில் முதல் காற்றுக்கே கிளம்பி முன்கதவால் நுழையும். மழை வந்தால் சரிவோடு கரைந்து கானுக்குள் ஓடும். புல் விட்டால் பாம்பு வரும், நுளம்பு பெருகும் என்பது நெடுநாள் மறுப்பு. முழங்கால் உயரப் புல்லுக்கு அது பொருந்தும்; விரல் உயரத்தில் வெட்டிய புல்லில் பாம்பு ஒளிய இடமில்லை. நுளம்புக்கு வேண்டியது தேங்கிய நீர். தேங்காய்ச் சிரட்டையும் யோகட் கோப்பையும் கிடந்தால் போதும், அது முட்டையிட்டுவிடும். முற்றம் முழுவதையும் மாற்ற முடியாதென்றால், வாசலிலிருந்து ஏழெட்டு அடிக்காவது கூழாங்கல்லோ பலகைக்கல்லோ புல்லோ போடலாம். மீதியைத் தண்ணீர் தெளித்தபின் பெருக்கலாம். பாக்கு, பலா, மிளகுக் கொடி, கோப்பி என்று அடுக்கடுக்காக வளரும் கண்டியின் வீட்டுத் தோட்டம் தூசுக்கு எதிராக ஏற்கெனவே நம் கையிலிருக்கும் நல்ல அரண். வீதிப் பக்கம் அடர்ந்த வேலி வாகனப் பொடியை இலைகளில் பிடித்து மழையில் கழுவிவிடும். அதே தோட்டத்தில் கூட்டிய சருகுக்குச் சாயங்காலம் தீ வைத்தால், பிடித்தது முழுவதையும் புகையாகத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதில்தான் வழக்கமான அறிவுரைகள் கண்டிக்குப் பொருந்தாமல் போகின்றன. அதிகாலையில் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிடு என்பது சமவெளிக்கு நல்ல புத்தி. வரண்ட மாதத்தில் கண்டிப் பள்ளத்தில் வீதியோரம் இருக்கும் வீட்டுக்கு, காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம் வீதிப்பக்க ஜன்னல் மூடியிருக்கவேண்டிய நேரம். மூடி கலைந்து காற்று மேலெழும் முற்பகல் பத்துமணிக்குப் பின்பும், மழை பெய்து ஓய்ந்த பின்பும் தாராளமாகத் திறக்கலாம். காற்றுத் துளைகள் திறந்தே இருக்கும்போது ஜன்னலை மூடி என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. வீட்டைக் காற்றுப்புகாமல் அடைக்க யாராலும் முடியாது, அடைக்கவும் கூடாது. ஆனால் வீதிக்கு நேரே அகலத் திறந்த ஜன்னல் வழியாக ஒரு மணி நேரத்தில் வருவதையும், சுவரின் உச்சியிலுள்ள சிறு துளை வழியாக வருவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஐந்து நிமிடம் இயக்கிச் சூடேற்றுவோருக்குச் சொல்லவேண்டியது தனி.

சித்திரை இடிமழையோடு காட்சி மாறிவிடும். வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று. பிறகு கண்டிக்கு ஆண்டிலேயே கூடுதலான மழை தரும் ஒக்டோபரும் நவம்பரும். வெளித்தூசு அடங்கிவிடுகிறது. மேசை துலக்கமாக இருக்கிறது. ஆனால் தும்மலும் இழுப்பும் குறைவதில்லை. ஏனென்றால் இப்போது தூசு பிறக்கும் இடம் படுக்கை. நெதர்லாந்தின் லெய்டனில் வூர்ஹோர்ஸ்டும் அவருடைய சகாக்களும் 1960களில் கண்டறிந்து சொன்னதுபோல், வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் தூசு உண்ணி. கால் மில்லிமீற்றர் அளவு. கண்ணுக்கு எளிதில் தெரியாது. நம் தோல் உதிர்வைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நெடுநேரம் நின்றால் வரண்டு சாகும். கண்டியின் மழை மாதங்களில் அந்த ஆபத்து அதற்கு இல்லை. ஒவ்வாமையைத் தருவது உண்ணியின் எச்சம். அதன் உருண்டைகள் பெரியவை, பத்து மைக்ரோனுக்கு மேற்பட்டவை. மெத்தையைத் தட்டும்போதும் புரண்டு படுக்கும்போதும் மட்டும் எழும்பி, சில நிமிடத்தில் அடங்கும். அதனால் தரையை எத்தனை தடவை துடைத்தாலும் இதற்குத் தீர்வு வராது. தலையணையில்தான் வேலை செய்யவேண்டும். உறையையும் விரிப்பையும் வாரத்துக்கு ஒருமுறை 55 பாகைக்கு மேற்பட்ட சூட்டு நீரில் ஊறவைத்தால் உண்ணி சாகும். ஆஸ்திரேலியாவில் 1990களில் செய்த சோதனையில், காபெட்டைச் சில மணி நேரம் நேரடி வெயிலில் போட்டபோது அதிலிருந்த உண்ணிகள் செத்துப்போயின. தும்பு மெத்தையையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் மாசி வெயிலில் காயப்போடும் பழைய வழக்கம் வெறும் வாடை போக்குவதற்கு என்று நினைத்தவர்கள் அதைத் திரும்பத் தொடங்கலாம். செத்த உண்ணியின் எச்சமும் ஒவ்வாமை தரும் என்பதால் காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே வைத்தே தட்டவேண்டும். மழைக் காலத்தில் ஈரத் துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போடுவது உண்ணிக்கும் பூஞ்சணத்துக்கும் சேர்த்து விருந்து வைப்பது. வராந்தாவில் இடமில்லாவிட்டால் வேறு அறையில் கொடியைக் கட்டி, ஜன்னலைத் திறந்து வைக்கலாம். இங்கே விதி தலைகீழாகிறது: வரண்ட மாதங்களில் மூடச்சொன்ன காலை ஜன்னலை மழை மாதங்களில் திறக்கவேண்டும்.

புகைக்குப் பருவம் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில் சமைத்தன. பிறகு எரிவாயு பரவியது. 2022 நெருக்கடியில் சிலிண்டர் கிடைக்காமல் பலர் மறுபடி விறகுக்குத் திரும்பினர். ஹந்தானை, தெல்தோட்டைப் பக்கத் தோட்ட லயன்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் ஓரத்தில் எரியும் அடுப்பின் கரி சுவரிலும் கூரையிலும் துணியிலும் படிகிறது. அவர்களிடம் போய் ஈரத் துணியைப் பற்றிப் பேசுவது கேலியாகத் தோன்றும். புகைபோக்கியும், தனியாகத் தடுத்த அடுப்படியும்தான் அங்கே தூசுத் தடுப்பு. அது வீட்டுரிமையோடு சேர்ந்த கேள்வி. 1980களிலிருந்து நாட்டில் பரவிய ‘அனகி’ மண் அடுப்பு விறகைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது, ஆனால் புகையை முற்றாக ஒழிப்பதில்லை. எரிவாயு அடுப்புள்ள வீட்டாரும் பெருமைப்பட அவசரப்படவேண்டாம். ஒரு நுளம்புத் திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவை அடைத்து, குழந்தையின் கட்டிலுக்கடியில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். நுளம்பு வலை இருக்கையில் இது தேவையில்லை. வலையை மாதம் ஒருமுறை தோய்ப்பது மட்டும் மறக்கக் கூடாது. சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் விடச்சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக் கொளுத்தினால் சாமி கோபிக்காது.

கொஞ்சம் தூசு உடம்புக்கு நல்லது, அதிகச் சுத்தம்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு வலுவான ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்ற இரு விவசாயச் சமூகங்களின் பிள்ளைகளை ஒப்பிட்டு 2016 இல் வெளியான ஆய்வில், மாடுகளோடு நெருங்கி வாழும் அமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 வீதத்தினருக்கே ஆஸ்துமா. இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21 வீதத்தினருக்கு. அமிஷ் வீட்டுத் தூசே பாதுகாப்புத் தந்ததாக எலிகளில் செய்த சோதனை காட்டியது. ஆனால் அது தொழுவத்து நுண்ணுயிர்கள் நிறைந்த தூசு. வில்லியம் கோபல்லாவ மாவத்தையின் டீசல் கரிக்கு அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்க முடியாது. பிள்ளை தோட்டத்து மண்ணில் விளையாடட்டும். அதற்காக பஸ் புகையை வீட்டுக்குள் எடுக்கவேண்டியதில்லை.

புத்தாண்டுக்கு முந்திய பெருந்துப்புரவு, வீட்டில் தூசு உச்சத்துக்குப் போகும் வாரம். பெயின்ற் அடிக்குமுன் சுவரையும் ஜன்னல் கட்டையையும் மணல்தாளால் உலரத் தேய்ப்பார்கள். பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் 2013 முதல்தான் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல் பூச்சைத் தேய்ப்பதானால் நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, அன்றைக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமலிருப்பது நல்லது. அஸ்பெஸ்டஸ் கூரையில் பாசி படிந்திருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டவே கூடாது. உடைந்த, தேய்ந்த தகட்டிலிருந்து வரும் இழை கண்ணுக்குத் தெரியாது, சுவாசப்பையை விட்டு வெளியேறாது. 2018 முதல் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்ய இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு கிடந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. அஸ்பெஸ்டஸை விற்கும் நாடுகளில் ரஷ்யா முதன்மையானது. மலையகத் தேயிலையின் விலை மலையகக் கூரைகளிலும் எழுதப்பட்டது இப்படித்தான்.

ஊர்க் காற்றே கெட்டுக் கிடக்கையில் ஒரு வீட்டார் துடைத்து என்ன ஆகும் என்ற மறுப்பு மீதமிருக்கிறது. பாதி சரி. வீட்டுக்குள் வருவதைக் குறைக்கலாம். வீதியில் எழும்புவதை மாநகர சபைதான் குறைக்கவேண்டும். அங்கும் விதி அதேதான்: உலரப் பெருக்கக் கூடாது. கண்டியின் வீதிகளை விடியுமுன் பெருக்குபவர்களில் பெரும்பாலானோர் மஹியாவை போன்ற குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்கள். காற்று மேலெழாமல் அடைபட்டுக் கிடக்கும் அந்த நேரத்தில், உலர்ந்த வீதியை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கும்போது நகரத்திலேயே அதிகத் தூசைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். கிளம்பிய பொடியில் மீதி, இருபுறத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்கிறது. தை முதல் பங்குனி வரையாவது பெருக்குமுன் வீதி ஓரத்துக்கு நீர் தெளிக்கும் பவுசர் ஒன்று முன்னே போகட்டும். கைக்குட்டைக்குப் பதிலாக நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசத்தைச் சபை கொடுக்கட்டும். கூட்டிய மண்ணைக் கான் ஓரத்தில் குவித்துவைத்து மத்தியானக் காற்றுக்குக் கொடுக்காமல் அன்றே அள்ளட்டும். வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் தத்தம் வட்டார உறுப்பினரிடம் கேட்கக்கூடிய கோரிக்கைகள் இவை. கேட்கவேண்டிய காலம், வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும் மழை மாதங்கள்.